ஸ்பானியப் பள்ளியும் தண்டையார்பேட்டைப் பாட்டியும்

மழலையர் கல்வி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. திருமணத்திற்குப் பின், ஆறு ஆண்டுகளாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகருக்கு அருகில் வசிக்கிறோம். இப்போது மகளோடு இரண்டு மாத விடுமுறையில் அம்மா வீட்டிற்கு வந்திருக்கிறேன். மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. ஆகஸ்டில் திரும்பிச் சென்றதும் நான் மீண்டும் வேலையில் சேர வேண்டும் என்பதால் அவளை எங்காவது விட்டாக வேண்டும். எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் வழக்கமான ஆங்கில மழலையர் பள்ளி ஒன்று. காரில் இருபத்தைந்து நிமிடம் சென்றால், நுழைந்தது முதல் வெளியேறும் வரை ஸ்பானிய மொழியிலேயே பேசிப் பழக்கும் இம்மெர்ஷன் பள்ளி ஒன்று. அங்கே நண்பகல் வரை மட்டும் விடலாம், மாலை வரையும் விடலாம். மூன்றாவது, எங்கள் குடியிருப்பிலேயே நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மதுரைக்கார அக்கா ஒருவர்.

கணவருக்கு ஸ்பானியப் பள்ளியில்தான் விருப்பம். டெக்சாஸில் எங்கே திரும்பினாலும் ஸ்பானியம் காதில் விழுகிறது, நாளை வேலைக்கு உதவும், மூளையும் கூர்மையாகும் என்கிறார். அம்மாவோ, தமிழே இன்னும் திருத்தமாக வரவில்லை, அதற்குள் எதற்கு இன்னொரு பாஷை என்று கோபப்படுகிறார். எங்கள் இருவருக்கும் ஸ்பானியத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. மூன்று மொழிகளுக்கு நடுவில் குழந்தை குழம்பிவிடுவாளா? இதன் நன்மை தீமைகளை எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

(கடிதத்தின் பின்புறத்தில், வேறு கையெழுத்தில்: "மகள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் கேட்க நினைத்ததை அவள் எழுதவில்லை. பேத்தி ஸ்பானிஷும் இங்கிலீஷும் பேச ஆரம்பித்துவிட்டால் நான் அவளிடம் எதைப் பேசுவது? எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ்தான் தெரியும்.")

பதில்: குழம்பிவிடுவாளா என்ற கேள்விக்கு விடை தேட நீங்கள் டாலஸ் வரை போக வேண்டியதில்லை, அம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே போதும். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளரும் கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளையும், அம்மா உருதுவில் சொல்லி அனுப்பியதைக் கடைக்காரரிடம் தமிழில் கேட்டு வாங்கிவரும் மண்ணடிப் பிள்ளைகளையும், வீட்டில் மார்வாடி பேசிவிட்டு வகுப்பில் தமிழில் சண்டை போடும் சௌகார்பேட்டைப் பிள்ளைகளையும் இராயபுரத்தில் ஒரு பள்ளியின் மழலையர் வகுப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் நான் பார்த்திருக்கிறேன். மொழிகள் அதிகமானதால் குழம்பிப்போன பிள்ளை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. குழம்பியவர்கள் எல்லாம் பெற்றோர்களே. "வாட்டர் குடு" என்று கேட்கும் குழந்தை கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சொற்கள் இரண்டு மூன்று பைகளில் பிரிந்து கிடப்பதால், ஒரு பையை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்குக் குறைவாகத் தோன்றும்; எல்லாப் பைகளையும் சேர்த்து எண்ணினால் மற்றப் பிள்ளைகளுக்கு இணையாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். தெரியாத மொழி பேசும் இடத்தில் விடப்பட்ட குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ வாயே திறக்காமல் இருக்கலாம். மண்ணடியிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி ஜூனிலிருந்து காலாண்டு விடுமுறை வரை என் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. விடுமுறை முடிந்து வந்த இரண்டாம் நாள் எழுந்து நின்று, "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கிறான்" என்று ஒரே மூச்சில் முழு வாக்கியமாகச் சொன்னாள். அத்தனை நாளும் அவள் சேமித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் மகளும் அப்படி இருந்தால் பதறாதீர்கள். வீட்டில் வழக்கம்போல் பேசுகிறாளா என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி இம்மெர்ஷன் என்பதற்கு வருவோம். மொழியைப் பாடமாகச் சொல்லித் தராமல், குழந்தையை அந்த மொழிக்குள்ளேயே முங்கவைத்து, விளையாட்டு, உணவு, கதை, கணக்கு அனைத்தையும் அந்த மொழியிலேயே நடத்தும் முறை இது. இன்று நாம் அறிந்த வடிவில் இது தொடங்கியது 1965இல், கனடாவில், மான்ட்ரியால் நகரின் புறநகரான செயின்ட் லாம்பெர்ட்டில். ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் விடாமல் போராடி, தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே மழலையர் வகுப்பு நடத்தச் செய்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்டு டக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். (ஊரின் பெயரும் பேராசிரியரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.) பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினாலும் சில ஆண்டுகளில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். இம்முறையில் படித்தவர்கள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அம்மொழிப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இணையாக வருகிறார்கள். பேச்சிலும் எழுத்திலும் ஆண்பால் பெண்பால் பிழைகள் போன்றவை நெடுநாள் தங்கிவிடுகின்றன. அந்த வழியைப் பின்பற்றி 1971இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிய இம்மெர்ஷன் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பள்ளியும் அந்த வரிசையில் வந்ததே.

இந்த வெற்றிக் கதையை உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்தும் இடத்தில்தான் விளம்பரத் தாள்கள் வழுக்குகின்றன. செயின்ட் லாம்பெர்ட் பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலம். அது தொலைக்காட்சியில் இருந்தது, கடையில் இருந்தது, கண்டம் முழுவதும் இருந்தது. பள்ளி அதைத் தொடாமல் விட்டாலும் அது தானாக வளர்ந்தது. உங்கள் மகளின் வீட்டு மொழிக்கோ டாலஸில் உங்களைத் தவிர நாதி இல்லை. இந்த வேறுபாட்டை லாம்பெர்ட்டே உணர்ந்து, இருக்கும் மொழியோடு இன்னொன்றைச் சேர்க்கும் நிலை ஒன்று, இருப்பதைக் கழித்துவிட்டுப் புதியதை வைக்கும் நிலை வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். உங்கள் முன் உள்ள மூன்று வழிகளில் எது சேர்க்கும், எது கழிக்கும் என்று பார்ப்பதே முறை.

இங்கே என் கருத்து உங்கள் அம்மாவுக்கு வியப்பளிக்கலாம். மூன்றில் தமிழுக்கு மிக அதிக ஆபத்து ஸ்பானியப் பள்ளியால் வரவில்லை. ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள ஆங்கிலப் பள்ளியால்தான் வருகிறது. காரணம் எளியது. நீங்கள் இருவரும் ஆங்கிலம் அறிந்தவர்கள். மகள் மாலையில் வந்து ஆங்கிலத்தில் ஒன்று சொன்னால் உங்களை அறியாமலே ஆங்கிலத்தில் பதில் சொல்வீர்கள். நாளடைவில் அது வீட்டு வழக்கமாகும். ஸ்பானியத்தில் அவள் எதைச் சொன்னாலும் நீங்கள் விழிக்கத்தான் போகிறீர்கள். "அப்படின்னா என்னடா கண்ணு? அம்மாவுக்குச் சொல்லு" என்று கேட்பீர்கள், அவள் தமிழில் விளக்கியே தீர வேண்டும். உங்களுக்கு ஸ்பானியம் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தமிழுக்கு அதுவே மதில்.

இது என் ஊகம் மட்டும் அன்று. அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பெருமளவில் ஆராய்ந்த லில்லி வாங் ஃபில்மோர், ஐந்து வயதுக்கு முன்பே ஆங்கிலம் மட்டும் பேசும் மழலையர் பள்ளிகளில் விடப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் தாய்மொழி எப்படிக் கரைந்தது என்பதை 1991இல் எழுதினார். பிள்ளை பெற்றோரின் மொழியை விட்டுவிட, பெற்றோருக்குப் பிள்ளையின் மொழி போதிய அளவு வராமல், ஒரே வீட்டில் அறிவுரையும் ஆறுதலும் சொல்ல மொழி இல்லாமல் போன நிலையை அவர் காட்டினார். அவரது ஒப்பீட்டில், ஸ்பானியம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஸ்பானிய மழலையர் பள்ளியிலேயே படித்தபோது தாய்மொழி தப்பியது. அந்த நன்மை தமிழ்ப் பிள்ளைக்கு வேண்டுமானால் அதைத் தரக்கூடியவர் மதுரைக்கார அக்காதான். அவர் பேசுகிறவராக இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்ற சொல்லைப் பெரிதாக வாசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஒரு திரையின் முன் உட்காரவைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கும் அக்காவாக இருந்தால், தமிழ் பேசுபவர் என்பதால் பயனில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடியபோது அம்மொழியின் ஒலிகள் அவர்கள் காதில் பதிந்தன. அதே ஆள், அதே பேச்சு, காணொளியாக ஓடியபோது ஒன்றும் பதியவில்லை. ஸ்பானியக் கார்ட்டூனுக்கும் தமிழ்க் கார்ட்டூனுக்கும் இது பொருந்தும். மொழிக்கு ஆள் வேண்டும்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள். மூன்று வயதுக் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருப்பாள். வாரத்திற்கு 84 மணி. மாலை வரை பள்ளியில் விட்டால், உறக்கம் நீங்கலாக நாளுக்கு 7 மணி, வாரத்திற்கு 35 மணி அங்கே போய்விடும். மீதி 49 மணியில் 24 மணி சனி ஞாயிறில் இருக்கிறது. வார நாட்களில் நாளுக்கு எஞ்சும் ஐந்து மணி நேரத்தில் குளியல், உணவு, கார்ப் பயணம், உங்கள் களைப்பு அத்தனையும் அடங்கும். நண்பகல் வரை மட்டும் விட்டால் பள்ளிக்கு வாரத்திற்குப் 15 மணிக்குச் சற்று மேல். ஸ்பானியம் காதில் ஊற அது போதும், தமிழ் மூச்சுவிடவும் இடம் இருக்கும். வேண்டுமா வேண்டாமா என்று வாதிட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டில், எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

ஸ்பானியம் நம் காதுக்கு அத்தனை அந்நியமும் அன்று. நம்மைப்போலவே அவர்களும் ரகரத்தில் இரண்டு வைத்திருக்கிறார்கள்: நாவால் மெல்லத் தட்டிச் சொன்னால் 'ஆனால்' என்று பொருள் தரும் சொல், உருட்டி அழுத்திச் சொன்னால் 'நாய்' ஆகிவிடும். நம் ஞகரத்திற்கு அவர்களிடம் தனி எழுத்தே உண்டு. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு உண்டு. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருப்பதுபோல அவர்களின் வினைச்சொல்லும் ஆளைச் சுமந்து வரும். போர்ச்சுக்கீசியர் நம்மிடம் விட்டுச்சென்ற மேசையும் அலமாரியும், அம்மொழியின் உடன்பிறப்பான ஸ்பானியத்தில் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. அஃறிணையான மேசை அங்கே பெண்பாலாகிவிடும் என்பதுதான் வேடிக்கை. ழகர, ளகர, ணகரங்கள் அங்கே கிடைக்கமாட்டா. அவை வீட்டிலிருந்தே வர வேண்டும். (வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லி வளர்ந்த வடசென்னைக்காரி நான், ழகரத்தைப் பற்றி உங்களுக்குப் பெரிதாக உபதேசிக்க மாட்டேன்.)

பள்ளியைப் பொறுத்தவரை, பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பாட்டு நேரத்தில் மட்டும் ஸ்பானியம், மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம் என்று நடத்திவிட்டு இம்மெர்ஷன் என்று எழுதிக்கொள்ள யாரும் தடை போடவில்லை. பார்வையிடப் போகும்போது காலை வட்டத்தில் பாட்டுப் பாடும் நேரத்தைக் காட்டத்தான் விரும்புவார்கள். நீங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தட்டைக் கவிழ்த்த பிள்ளையிடம், அழுகிற பிள்ளையிடம், கழிப்பறைக்கு ஓடும் பிள்ளையிடம் ஆசிரியை எந்த மொழியில் பேசுகிறார் என்று ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஸ்பானியத்தில் பிறந்து வளர்ந்தவரா, எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேளுங்கள். இந்த வயதில் பத்துக்கு மேல் போனால் எந்த மொழியும் காதில் ஏறாது. வகுப்பில் ஸ்பானிய வீட்டுப் பிள்ளைகள் சிலராவது இருந்தால் நல்லது. எல்லாரும் ஆங்கில வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் ஆசிரியை முகம் திருப்பியதும் விளையாட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

உங்கள் மகளின் தமிழ் அங்கே ஒருவருக்கும் புரியாது என்பது உண்மையான இடர்ப்பாடு. பசி, தண்ணீர், உச்சா, வலிக்குது, அம்மா வேணும், தூக்கம் என்று அவள் வாயில் வரும் பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் பொருளோடு எழுதி, ஆசிரியையிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதை வாங்கி மேசையில் ஒட்டிவைக்கிறாரா, சிரித்துக்கொண்டே இழுப்பறைக்குள் போடுகிறாரா என்பதிலிருந்தே அப்பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ஐந்து வயதுக்குப் பிறகு என்ன? சேர்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வயதில் வந்த மொழி, பேச ஆளில்லாமல் போனால் வந்த வேகத்திலேயே போகும். மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, பிறகு கொரிய மொழியையே கேட்காமல் வளர்ந்தவர்களைக் கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர் 2003இல் ஆராய்ந்தபோது, பெரியவர்களாகிவிட்ட அவர்களால் பல மொழி வாக்கியங்களுக்கு நடுவில் கொரிய வாக்கியம் எது என்றுகூட அடையாளம் காண முடியவில்லை. பிறந்த மொழியின் கதியே அதுவென்றால், இரண்டாண்டுப் பள்ளி ஸ்பானியம் எம்மாத்திரம்? டெக்சாஸில் ஆங்கிலமும் ஸ்பானியமும் பகிர்ந்து நடக்கும் இருமொழி வகுப்புகள் பொதுப்பள்ளிகள் பலவற்றில் உண்டு. சிலவற்றில் தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பானியம், சிலவற்றில் பாதிக்குப் பாதி. உங்கள் பகுதிப் பள்ளியில் அது உண்டா, உங்கள் மகளுக்கு இடம் கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள். தொடர வழியில்லை என்றால் இருபத்தைந்து நிமிடக் கார்ப் பயணத்தை மறந்துவிடலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அக்கறையும் வேண்டியதில்லை. பெரிய பள்ளிக்குப் போனால் ஓரிரு ஆண்டுகளில் பேச்சு வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலம் உறுதிப்படக் கூடுதல் ஆண்டுகள் ஆகும். சேர்க்கையின்போது வீட்டு மொழி எது என்று கேட்கும் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்; எழுதினால் ஆங்கிலத் திறனைச் சோதித்துப் பார்ப்பார்கள், உதவி தேவைப்பட்டால் தருவார்கள். அது இழுக்கு என்று ஆங்கிலம் என எழுதும் நம்மவர்களும் உண்டு.

உங்கள் கணவரின் மூளைக் கூர்மை வாதத்தை நான் ஏற்கவில்லை. இருமொழி அறிந்தவர்களுக்குக் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் மிகுதி என்று எல்லன் பியாலிஸ்டாக் போன்ற ஆய்வாளர்கள் சொன்னது உண்மை. கென்னத் பாப் முதலியோர் அதே சோதனைகளில் அப்படியொன்றும் தென்படவில்லை என்று மறுத்ததும் உண்மை. வழக்கு முடியவில்லை. அப்படியே நன்மை இருந்தாலும், தமிழும் ஆங்கிலமும் அறியப்போகும் பிள்ளைக்கு அது ஏற்கெனவே கிடைத்தாயிற்று. ஸ்பானியத்தை வைத்து வேலை கிடைக்கும் என்பதைப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பார்ப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அவர்கள் மொழியில் விளையாட முடியும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், பள்ளி மேற்சொன்ன சோதனையில் தேறி, ஐந்து வயதுக்குப் பின்னும் வழி இருக்குமானால், நண்பகல் வரை ஸ்பானியப் பள்ளி, அதன் பிறகு மதுரைக்கார அக்கா என்று பிரித்துக்கொள்வேன். நண்பகலில் அழைத்துவர ஆள் கிடைக்காது, மாலை வரை விட்டே தீர வேண்டும் என்றால் அக்காவிடம் முழு நாளும் விட்டுவிட்டு, ஸ்பானியத்தை ஐந்து வயதில் பொதுப்பள்ளியின் இருமொழி வகுப்பில் தொடங்குவேன். ஆங்கிலப் பள்ளியைக் கடைசியாகத்தான் எண்ணுவேன்.

பின்பக்கம் எழுதிய அம்மாவுக்குத் தனியே சில வரிகள். உங்கள் எட்டாம் வகுப்புத் தமிழ் ஏராளம். பேத்திக்கு வேண்டியது இலக்கணம் இல்லை, பேச்சு. காலை ஆறு மணிக்கு நீங்கள் வாசல் தெளித்துக் காப்பி போடும் நேரம், கோடைக் காலத்தில் டாலஸில் முந்தைய நாள் இரவு ஏழரை. அவள் படுக்கைக்குப் போகும் நேரம். (நவம்பர் தொடங்கியதும் ஒரு மணி நேரம் மாறும்; அப்போது உங்களுக்கு ஏழு.) கைப்பேசியை அடுப்பு மேடையில் சாய்த்துவைத்துக்கொண்டு, பால் பொங்குவதையும், ஜன்னலில் காகம் வந்து உட்காருவதையும், காசிமேட்டு மீன்காரம்மா விலை சொல்லுவதையும் அவளிடம் சொல்லுங்கள். திரையில் ஓடும் படம் கற்றுத்தராது என்று மேலே எழுதினேன். எதிரில் ஆள் இருந்து, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் கதை வேறு. நீங்கள் கேளுங்கள், அவள் சொல்லும்வரை காத்திருங்கள். அவள் ஸ்பானியத்தில் ஏதாவது சொன்னால் கோபிக்காமல், "எனக்குப் புரியலையே, பாட்டிக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். புரியாத பாட்டி அவளுக்கு அவசியம்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். மகள் இந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்ந்தாள். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தேறமாட்டாள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது, மனைவி பன்னிரண்டாவது. தெரிந்த ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறோம். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது வீட்டிலும் அடங்கிவிட்டாள். நாங்கள் செய்வது சரியா?

பதில்: சரியில்லை ஐயா, இன்றிரவே நிறுத்திவிடுங்கள். மேலே டாலஸ் வாசகிக்கு எழுதிய பதிலில் இம்மெர்ஷன் என்று ஒரு முறையைப் பற்றிச் சொன்னேன். செயின்ட் லாம்பெர்ட்டில் தொடங்கிய அதன் முதல் வடிவத்தில் எல்லாப் பிள்ளைகளும் புதிய மொழியில் தொடக்கநிலையில் இருப்பார்கள். ஆசிரியைக்குப் பிள்ளையின் மொழி புரியும். பிள்ளை தன் மொழியில் கேட்டால் புதிய மொழியில் பரிவோடு பதில் வரும். தாய்மொழியைப் பேசினால் தண்டனை என்ற நிலையில், பிள்ளையின் மொழியைக் குற்றமாக்கிவிட்டு நடத்துவதற்கு ஆய்வாளர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், முதலாவது நீச்சல் பழக்குவது, இரண்டாவது தண்ணீருக்குள் அழுத்துவது. நம் பகுதியில் ஆங்கில வழி மழலையர் வகுப்புகள் பல தம்மை அறியாமலே இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கின்றன.

உங்கள் மகளுக்கு ஆங்கிலம் பள்ளியில் கிடைக்கும். கதை, கேலி, காரணம், கணக்கு, கோபத்தை ஆற்றும் சொல் இவையெல்லாம் உங்களுக்கு நன்றாக வரும் மொழியில்தான் கிடைக்கும். 'கம்', 'சிட்', 'ஈட்', 'ஸ்லீப்' என்று நாளெல்லாம் கட்டளைகளை மட்டுமே கேட்டால் எந்தப் பிள்ளைதான் அடங்காது? கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கரை, முந்தானை, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று துணியைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். அளவு நாடாவைக் கையில் கொடுங்கள். பொத்தான்களைப் பத்துப் பத்தாக எண்ணி வைக்கச் சொல்லுங்கள். எண்ணம் ஒரு மொழியில் பதிந்துவிட்டால் இன்னொரு மொழியில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது எளிது. பள்ளியில் சண்டை போட வேண்டாம். "வீட்டில் தமிழில் நிறையப் பேசுகிறோம், கதை சொல்கிறோம்" என்று மட்டும் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

தமிழுக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரங்களாகியும் வீட்டில் பேச்சு மீளவில்லை என்றால், காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு நடக்கும் தொலைவுதான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், இணையவழி ஸ்பானிய வகுப்பு என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். புதிய கல்விக் கொள்கையிலும் ஸ்பானியம் இருக்கிறதாமே? இப்போதே சேர்த்துவிடலாமா? மாடியில் குடியிருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகளோடு எந்நேரமும் விளையாடிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தை உருப்படியாக்கலாம் என்று பார்க்கிறேன்.

பதில்: 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் ஆகியவற்றோடு ஸ்பானியத்தையும் உயர்நிலை வகுப்புகளில் விருப்பமாகக் கற்கக்கூடிய அயல்மொழியாகத்தான் குறிப்பிடுகிறது. நான்கு வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாரத்திற்கு ஒரு மணி நேரம் திரையைப் பார்ப்பதால் ஒரு மொழிக்குள் முங்க முடியாது. நிறங்களின் பெயர்களையும் ஒரு பாட்டையும் ஒப்பிப்பான், விருந்தினர் வந்தால் நீங்கள் ஒப்பிக்கச் சொல்வீர்கள். சின்ன வயதில் தொடங்கினால்தான் வேகமாக வரும் என்பதும் பாடமாகக் கற்கும் மொழிக்குப் பொருந்தாது. நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலேயரை 1978இல் ஆராய்ந்தவர்கள், முதலாண்டில் விரைவாக டச்சு கற்றவர்கள் பதின்வயதினரே என்றும், மிகச் சிறிய பிள்ளைகள் பின்னால் வந்தார்கள் என்றும் கண்டார்கள். சிறு வயதின் பலம் உச்சரிப்பிலும், நாள் முழுவதும் அம்மொழிக்காரர்களோடு பழகுவதிலும் இருக்கிறது. உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயதாகி, அவனே விரும்பினால், ஸ்பானியம் அப்போதும் இருக்கும்.

நேரில் ஆள், தினமும் பல மணி நேரம், விளையாட்டே பாடம், கட்டணம் இல்லை: இம்மெர்ஷன் பள்ளிகள் பெரும் பணம் வாங்கிக்கொண்டு தர முயல்வது, உங்கள் வீட்டு மாடியில் தெலுங்கில் நடந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டா ஸ்பானியம்? அவர்கள் வீட்டில் அவன் சாப்பிட்டுவிட்டு வந்தால் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளைகளையும் உங்கள் வீட்டிற்கு அழைத்துத் தமிழில் கதை சொல்லுங்கள், கணக்கு நேராகிவிடும்.